எலும்புத்தூளின் மாற்றக் கோரிக்கை

எல்லப்பன் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். பாட்டை மாற்ற நினைத்தவன் பேசாமல் மாற்றியிருக்கலாம். படிவம் எழுதிவிட்டான்.

வல்லம் வடகாலில் கார் கதவுக்குக் கீல் செய்கிற கம்பெனியில் ஒன்பது வருடம் தகடு அடிக்கிற பிரஸ் ஓட்டியவனுக்கு அது கை தானாகச் செய்கிற காரியம். அங்கே ஒரு தொட்டியை அரை அடி தள்ளிவைக்க வேண்டும் என்றாலும் மாற்றக் கோரிக்கைப் படிவம் நிரப்பவேண்டும். இப்போது எப்படி இருக்கிறது, இனி எப்படி இருக்கும், ஏன், யாருக்காக, என்ன பலன் என்று ஐந்து கட்டங்கள். கீழே ஏழு கையெழுத்துகள். ஏழாவது கையெழுத்து விழுவதற்குள் தொட்டி துருப்பிடித்து உடைந்துபோகும். தொட்டி அங்கே இல்லாததால் கோரிக்கை நிறைவேறியது என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

பிரஸ் ஓட்டாத நேரத்தில் எல்லப்பன் பாடகன். நீங்கள் நினைக்கிற மாதிரிப் பாடகன் இல்லை. 'எலும்புத்தூள்' என்கிற டெத்கோர் குழுவில் உறுமுகிறவன். கிதாரின் தந்திகளைத் தொளதொளவென்று தளர்த்தி, டிரம்மை மூச்சுவிடாமல் அடித்து, அதன்மேல் ஒரு மனிதன் அடிவயிற்றிலிருந்து கத்துகிற இசைக்கு டெத்கோர் என்று பெயர். உலகம் முழுக்க இதற்கு ரசிகர்கள் உண்டு என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். டிரம் அடிப்பவன் திருமலை, அவனும் பிரஸ் ஷாப்தான். எட்டு மணி நேரம் இருநூறு டன் அடியைக் கேட்டுக்கொண்டு நிற்பவனுக்குத் தாளம் தவற வழியே இல்லை. கிதார் வாசிப்பவன் பார்த்தா. ஸ்ரீபெரும்புதூரில் கோயில் உத்தியோகக் குடும்பம், கம்பெனியில் அளவுக்கூடத்தில் வேலை. காலையில் பளிச்சென்று நாமத்தோடு வந்து கீல்களை அளப்பான், சாயங்காலம் அதே நாமத்தோடு 'பிணவறை வரிசை' வாசிப்பான். 'பிணவறை வரிசை' அவர்களுடைய முதல் ஆல்பம்.

கதவு சத்தம் போடக்கூடாது என்பதற்காகவே இருக்கிற கம்பெனி இவர்களை ஏன் வைத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். நாலு வருடத்துக்கு முன்னால் ஆண்டுவிழாவில் இவர்கள் வாசித்தபோது தரத்தைச் சோதிக்க வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஆடிட்டர் ஒருவர் நாற்காலியைவிட்டு எழுந்து தலையை முன்னும் பின்னும் ஆட்டினார். மறுநாள் ஆடிட்டில் ஒரு குறையும் எழுதாமல் விமானம் ஏறினார். அதற்கு உறுமல்தான் காரணம் என்று மனிதவளத் துறை முடிவுகட்டியது. பழைய பேக்கிங் ஷெட்டை ஒத்திகைக்குக் கொடுத்தார்கள். டிரம்முக்கு ஒரு சொத்து எண், கிதாருக்கு ஒரு சொத்து எண், எல்லப்பனின் தொண்டைக்கு ஒட்ட இடம் இல்லாததால் அவன் அடையாள அட்டையின் பின்பக்கம் ஒரு சொத்து எண் ஒட்டினார்கள்.

அப்படி உறுமிக்கொண்டிருந்தவனுக்கு இரண்டாவது ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டை மட்டும் மெதுவாக, சொந்தக் குரலில், வார்த்தை புரியும்படி பாடவேண்டும் என்று ஆசை வந்தது. காரணம் அவன் மனைவி லீலா.

லீலாவுக்கு சுங்குவார்சத்திரம் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. அவனுக்குக் காலை ஏ ஷிப்ட், அவளுக்கு மதியம் பி ஷிப்ட். அவன் வீடு வருவதற்குள் அவள் கம்பெனி பஸ் ஏறியிருப்பாள். அவள் திரும்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். கல்யாணமாகி மூன்று வருடத்தில் இருவரும் ஒன்றாக விழித்திருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான், அதிலும் பாதியை ஓ.டி. என்கிற மிகைநேர வேலை தின்றுவிட்டது. அவளுக்கு அவனிடம் ஒரே ஒரு குறை. முதல் ஆல்பத்தைப் பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "இம்மா நேரம் கத்திக்கினு கீற. இன்னா சொல்றேன்னு ஒரு எயவும் வெளங்கலையே?"

சொல்லவேண்டியதை வீட்டிலேயே சொல்லித் தொலைக்கலாமே என்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, குரலைத் தணித்து, "லீலா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பதறினாள். அதோடு விட்டுவிட்டான். பாட்டாக எழுதினான்.

'கொயம்பு மூடி வெச்சிக்கிறேன், பசிச்சா துன்னு. உன் செருப்பு வார் அறுந்துது, தெச்சு வெச்சிக்கிறேன். சண்ட ஒண்ணு பாக்கி கீது, ஞாயித்துக்கெயம போட்டுக்கலாம். நீ தூங்கசொல்ல உன் மொகத்த பாத்துட்டுதான் வேலைக்குப் போறேன்.'

அவ்வளவுதான் பாட்டு. பார்த்தா படித்துவிட்டு, கிதாரைக் கரகரக்கவைக்கிற பெட்டியைத் தள்ளிவைத்து, "இதுக்கு டிஸ்டார்ஷன் வேணாம்டா" என்றான். அவன் போட்ட மெட்டு அத்தனை நன்றாக இருந்தது.

மெதுவான பாட்டுக்கு வாரத்தில் இன்னும் ஒரு மணி நேரம் ஷெட் வேண்டும். மனிதவளத் துறையில் எழுதிக் கொடு என்றார்கள். எல்லப்பன் தனக்குத் தெரிந்த ஒரே படிவத்தை எடுத்தான். இப்போதைய நிலை: கத்தல். இனி: பாடுதல். ஏன்: புரியவில்லை. யாருக்காக: லீலா. பலன் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் திரும்பி வரும் என்று திருமலை எச்சரித்ததால் 'தெளிவு' என்று எழுதி, பழக்கதோஷத்தில் தரக்கட்டுப்பாட்டுத் துறையின் பெட்டியில் போட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. தரக்கட்டுப்பாட்டுத் துறையின் மேலாளர் வசுதா மேடம் வெள்ளைப் பலகையில் மீனின் முள் மாதிரி ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். எந்தக் குறை வந்தாலும் ஐந்து தடவை ஏன் என்று கேட்டால் ஆணிவேர் தெரிந்துவிடும் என்பது அந்தத் துறையின் வேதம்.

"பிராப்ளம் என்ன எல்லப்பன்?"

"நான் பாடறது எங்க வூட்ல புரியல மேடம்."

"ஏன் புரியல?"

"கத்தறேன்."

"ஏன் கத்தறீங்க?"

"அந்தப் பாட்டே அப்டிதான் மேடம்."

"ஏன் அந்த மாதிரிப் பாட்டு?"

எல்லப்பன் யோசித்தான். "கோவம் வருது மேடம். உள்ளயே வெச்சிக்கினு இருந்தா தல வலிக்குது."

"ஏன் கோவம்?"

"நான் ஏ ஷிப்டு, அவ பி ஷிப்டு. ரெண்டு பேரும் மூஞ்சி பாத்து நாளாச்சு."

"ஏன் எப்பவும் ஏ ஷிப்டு?"

"நீங்கோதான் மேடம் போடறீங்கோ."

ஐந்தாவது ஏனுக்கு விடை வந்துவிட்டது. பழக்கத்தில் அதுவும் பலகையில் எழுதப்பட்டுவிட்டது. வசுதா மேடம் மார்க்கரை மூடி, பிறகு திறந்து, அந்தக் கடைசி வரியைத் துடைத்துவிட்டு, அந்தக் கம்பெனியில் பதினான்கு வருடமாக எல்லாக் குறைகளுக்கும் எழுதப்படுகிற ஆணிவேரையே எழுதினார்: 'ஆபரேட்டருக்குப் பயிற்சி போதவில்லை.'

"மேடம், ஷிப்ட மாத்திக் குட்தா பாட்டே தேவையில்ல மேடம்" என்றான் எல்லப்பன்.

"அது ஹெச்.ஆர். ஃபார்ம். இது குவாலிட்டி ஃபார்ம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

பயிற்சி வந்தது. 'தெளிவாகப் பேசுவது எப்படி' என்று இரண்டு நாள். பயிற்சியாளர் இரண்டு நாளும் ஆங்கிலத்திலேயே பேசினார். எல்லப்பனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. சான்றிதழ் கொடுத்தார்கள்.

அடுத்தது அளவு. ஒரு பொருளை மாற்றுவதற்கு முன்னால் பழையது ஒழுங்காக இருந்ததா என்று நிரூபிக்கவேண்டுமாம். முதல் ஆல்பத்திலிருந்து ஓர் உறுமலை எடுத்து மாதிரி உறுமல் என்று முத்திரை குத்தி அலமாரியில் பூட்டினார்கள். எல்லப்பன் அதே மாதிரி முப்பது தடவை உறுமவேண்டும், ஒவ்வொன்றையும் ஒலிமானியில் அளந்து எழுதவேண்டும் என்று உத்தரவு. அளவுக்கூடத்தில் அன்றைக்கு ஆள் பார்த்தா. தன் குழுவின் பாடகனைத் தானே அளந்தான். பன்னிரண்டாவது உறுமலும் பத்தொன்பதாவது உறுமலும் வரம்புக்கு வெளியே போயின. தன் கிதாரையும் அளந்து, அதுவும் தவறியதால், தன் கையாலேயே அதற்கு நிராகரிப்புச் சிவப்பு அட்டை கட்டினான். எல்லப்பனுக்கு முப்பதாவதில் தொண்டையில் இரும்புச் சுவை வந்தது.

வசுதா மேடம் வரைபடத்தைப் பார்த்து வருத்தப்பட்டார். "உங்க கோவத்துல வேரியேஷன் ஜாஸ்தி எல்லப்பன். ஒரே சீரா கோவப்படக் கத்துக்கணும்."

"டேய், உன்ன யாருடா ஃபாரம் எயுதச் சொன்னது?" என்றான் திருமலை. இதை அவன் தினமும் ஒரு தடவை சொல்ல ஆரம்பித்திருந்தான்.

வாபஸ் வாங்கிவிடலாம் என்று எல்லப்பன் போனான். கோரிக்கையைக் கைவிடுவதும் ஒரு மாற்றம்தான், அதற்குத் தனியாக ஒரு மாற்றக் கோரிக்கை எழுதவேண்டும் என்றார்கள். எல்லாம் முடிகிறவரை பழைய பாட்டையும் பாடக்கூடாது, புதிய பாட்டையும் பாடக்கூடாது என்று ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் டிரம்மைத் தொட்டால் வீட்டுக்காரர் வந்துவிடுவார். வேறு போக்கிடம் இல்லை.

பிறகு பாதுகாப்பு அதிகாரி வெங்கடேசனிடமிருந்து அழைப்பு. நல்ல மனிதர், உள்ளூர்க்காரர், ஆனால் வாசலில் 'விபத்தில்லாமல் 1,143 நாள்' என்று ஒரு பலகை இருக்கிறது, அதை அவர் தன் சொந்தப் பிள்ளைபோல் வளர்த்துவருகிறார்.

"இன்னாப்பா இது, 'மண்டைய ஒட'ன்னு ஒரு பாட்டு? இத்த கேட்டுட்டு எவனாவது ஒடச்சிக்கினா ரிப்போர்ட் யாரு எயுதறது? நான்."

"அது சும்மா பாட்டு சார்."

"சும்மாதான் எல்லாரும் மிஷின்ல கைய வுடறான்." பேனாவை எடுத்துத் திருத்தினார். 'தலைக்கவசம் அணிந்தபின் மண்டைய ஒட' என்று ஆயிற்று. முதல் ஆல்பத்தின் பெயரையும் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. "பெணவறன்னா, பெணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஆடிட்ல கேப்பான். நம்மகிட்ட பெணமே இல்ல." 'பிணவறை வரிசை' அன்றிலிருந்து 'ஓய்வறை வரிசை' ஆனது.

கடைசியில் விஷயம் மனிதவளப் பொதுமேலாளர் ஜகந்நாதன் சாரிடம் போயிற்று. அவர் படிவத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் உரை வரும்.

"பிரமாதம் எல்லப்பன். இசைய விரிவுபடுத்தணும்னு ஒரு ஆபரேட்டருக்குத் தோணியிருக்கு பாருங்க, அதுதான் இந்தக் கம்பெனியோட கல்ச்சர். ஆனா விரிவுன்னா என்ன? மூணு பேரு கொஞ்சம் மெதுவா வாசிச்சா அது விரிவா? பதினோரு டிபார்ட்மென்ட்டும் சேர்ந்து வாசிச்சாதான் விரிவு. எனக்குச் சங்கீதம் தெரியாது. தெரியாததனாலதான் என்னால பெரிசா யோசிக்க முடியறது."

பதினோரு துறைக்கும் ஆளுக்கொரு பாட்டு ஒதுக்கப்பட்டது, பிரஸ் ஷாப்பின் பங்கு எல்லப்பனின் பாட்டு. ஸ்டோர்ஸ் துறை நானூற்றுப் பதினாறு உதிரிபாகங்களின் பெயர்களை வரிசை மாறாமல் எழுதிக் கொடுத்தது. கேன்டீன் சார்பில் ஒருவர் பிறந்தநாள் மெட்டு மட்டும் தெரிந்த கீபோர்டோடு வந்தார். செக்யூரிட்டி விசில் ஊதினார்கள். அனுப்புதல் துறையிலிருந்து, சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னால் வரும்போது அடிக்கிற மணியைப் பதிவுசெய்து தந்தார்கள். அது ஒன்றுதான் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆல்பத்துக்கு 'ஞாயிறு' என்று இவர்கள் வைத்திருந்த பெயர், ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு எதிரான கருத்தாக யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால் 'விரிவு' என்று மாற்றப்பட்டது.

எல்லப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவனுக்கு அந்த ஒரு பாட்டு இருந்தால் போதும். மிச்சத்தில் விசில் ஊதட்டும், கும்மி அடிக்கட்டும். ஆனால் அந்த ஒரு பாட்டில்தான் சிக்கல் வந்தது.

"கத்தற பாட்டுல வார்த்த யாருக்கும் புரியாது. அதனால அதுக்கு அப்ரூவல் வேண்டாம்" என்றார் ஜகந்நாதன் சார். "இது புரியறதே. புரியற வார்த்தைய கம்பெனி மேடைல சொன்னா அது கம்பெனி சொன்ன மாதிரி. குழம்பு, செருப்பு, சண்டை... இதெல்லாம் நம்ம கம்பெனி சொல்லலாமா?"

"அது என் பொஞ்சாதிக்கு சார்."

"நான் வேண்டாம்னு சொல்லலையே! உங்க வரிய எடுக்கவே வேண்டாம். இடத்த மட்டும் மாத்திக்கலாம். மெதுவா, தெளிவா வர்ற இடத்துல நம்ம தரக்கொள்கை. பின்னாடி ஒரு கத்தற இடம் சேர்த்து, உங்க வரி எல்லாம் அதுல இருக்கட்டும். புரியற இடத்துல கம்பெனி, புரியாத இடத்துல குடும்பம். ரெண்டு பேருக்கும் திருப்தி."

இப்படி ஒரு சமரசத்தை இதற்குமுன் தான் செய்ததே இல்லை என்று அவருக்கே தோன்றியிருக்கவேண்டும். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். எல்லப்பனுக்கு அவர் மேஜையைத் தலைகீழாகக் கவிழ்க்கவேண்டும்போல் இருந்தது. "சரி சார்" என்றான். ஒன்பது வருடமாக அவனுக்கு வாயில் வருகிற முதல் வார்த்தை அதுதான்.

வெளியீட்டு விழா தண்டலம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை. லீலா தன் ஓ.டி.யை வேறொருத்திக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். படிவத்தில் 'யாருக்காக' என்ற கட்டத்தில் அவள் பெயர் இருந்ததால் முதல் வரிசையில் உட்காரவைத்து, மார்பில் 'வாடிக்கையாளர்' என்று அட்டை குத்தினார்கள். வெங்கடேசன் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு காதடைப்பான் கொடுத்தார். மேடையில் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே மாட்டிக்கொள்ளவேண்டும், மாட்டாதவர்களுக்குச் சாப்பாட்டு டோக்கன் கிடையாது என்று மூன்று தடவை அறிவித்தார்.

பத்துப் பாட்டு எப்படியோ போயிற்று. பதினோராவது பாட்டுக்கு எல்லப்பன் மைக்கைப் பிடித்தான். பார்த்தா தந்தியை ஒவ்வொன்றாக மீட்டினான். எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். அந்தத் தொண்டைக்குள் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். லீலா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பை நிறைவேற்றி, தொடர்ந்து மேம்பட்டு, குறையில்லா உற்பத்தியை அடைவோம்..."

ஒவ்வொரு சொல்லும் மணிமணியாக விழுந்தது. பிறகு திருமலை டிரம்மின் இரண்டு மிதிகளையும் மாறிமாறி மிதித்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. மண்டபத்தில் நானூறு பேரும் காதை அடைத்தார்கள். லீலாவும் ஒழுங்காக, விரலால் உள்ளே தள்ளி, அடைத்துக்கொண்டாள். எல்லப்பன் அடிவயிற்றிலிருந்து, முகமெல்லாம் ரத்தம் ஏறி, அவளைப் பார்த்துக் கத்தினான். குழம்பு, செருப்பு, சண்டை, தூங்குகிற முகம் எல்லாவற்றையும் கத்தினான். கடைசி வரியில் அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் அவனைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டினாள், தூரத்துப் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கையசைப்பதுபோல.

பாட்டு முடிந்ததும் ஜகந்நாதன் சார் படிவமும் மைக்குமாக முதல் வரிசைக்கே இறங்கி வந்தார். எல்லப்பனையும் கூடவே கூப்பிட்டார்.

"சொல்லுங்கம்மா. பாட்டு புரிஞ்சுதா?"

"நல்லா புரிஞ்சிச்சு சார்" என்றாள் லீலா. "ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா காதுல வியுந்துச்சு."

கைத்தட்டல். வசுதா மேடம் கடைசிக் கட்டத்தில் 'பயனுள்ளது' என்று டிக் போட்டார்.

"வேற ஏதாவது எதிர்பார்க்கறீங்களா?"

லீலா எல்லப்பனைப் பார்த்தாள். "எனுக்கு ஒரு பாட்டு எயுதிக்கிறேன்னு சொன்னாரு சார். அத எப்ப பாடுவாரு?"

"இப்பதான் பாடினேன்" என்றான் எல்லப்பன்.

"எது, அந்தக் கத்தலா?"

அவன் தலையாட்டினான். லீலா உள்ளங்கையில் இருந்த காதடைப்பான்களைப் பார்த்தாள். அதற்குள் வெங்கடேசன் தட்டோடு வந்து, "திருப்பிக் குடுக்கணும்மா" என்று நின்றார். அவற்றைத் தட்டில் போட்டுவிட்டு ஜகந்நாதன் சாரிடம் திரும்பினாள்.

"சார், அத்த இன்னொரு வாட்டி கத்தச் சொல்லுங்க சார். நான் காத மூட மாட்டேன்."

"ஒருதரம் அப்ரூவ் ஆனத மறுபடி செய்ய முடியாதும்மா. அது ரீவொர்க். அதுக்கு ஃபார்ம் போடணும்." எவ்வளவு சந்தோஷமாக அதைச் சொன்னார்! பையில் தயாராக வைத்திருந்த ஒன்றை எடுத்து அவளிடமே நீட்டினார். மேடையில் சிறந்த பார்க்கிங் ஒழுங்குக்கான பரிசளிப்பு தொடங்கிவிட்டது.

ஆறு வருடம் அசெம்பிளி லைனில் நின்றவளுக்குப் படிவம் ஒன்றும் புதிதில்லை. புடவை மடிமேல் வைத்து, பேனாவை வாங்கி, முதல் கட்டத்தில், இப்போதைய நிலை என்ற இடத்தில் எழுதினாள்: 'அவர் சொல்லிவிட்டார். எனக்குக் கேட்கவில்லை.'